அந்த ஒரு லட்சம் லிட்டர்

2019 ஜூன். புழல் ஏரியும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடந்தன. சோழிங்கநல்லூரில் எங்கள் 60 வீடுகளுக்கு இரண்டு நாளாக லாரித் தண்ணீர் இல்லை. அப்போது குடியிருப்போர் சங்கச் செயலாளர் நான். பார்க்கிங்குக்கு அடியில் தீயணைப்புக்கென்று தனி சம்ப் உண்டு, ஒரு லட்சம் லிட்டர். "அது சும்மாதானே சார் கிடக்கு?" என்று கேட்டார் மூன்றாம் மாடி அக்கா. இடுப்பில் கைக்குழந்தை. இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே சப்மெர்சிபிள் மோட்டாரை இறக்கச் சொன்னது நான்தான்.

நான்காம் நாள் இரவு மூடியைத் தூக்கி டார்ச் அடித்தேன். முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இல்லை. தீயணைப்புக் குழாய்களுக்குத் தண்ணீர் தள்ளும் எங்கள் ஹைட்ரன்ட் பம்ப் நிமிடத்துக்கு 2,280 லிட்டர் எடுக்கும். தொட்டி நிறைந்திருந்தாலே 44 நிமிடம்தான். மிச்சமிருந்ததோ பத்தாயிரம் லிட்டர் இருக்கும், நான்கு நிமிடம். அதிலும் அடித் தண்ணீரை பம்ப் இழுக்காது, காற்றைத்தான் உறிஞ்சும். தலைக்கு மேலே, தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் சிவப்புக் குமிழ் ஸ்பிரிங்க்ளர்கள் வரிசையாக இருந்தன. 68 டிகிரியில் குமிழ் வெடித்துத் திறக்கும். திறந்த பிறகு வர வேண்டிய தண்ணீரை நாங்கள் குளித்துத் தீர்த்திருந்தோம். சுற்றிலும் பெட்ரோலோடு கார்கள். அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

திரும்ப நிரப்ப 12,000 லிட்டர் லாரி எட்டு தேவைப்பட்டது.

ஏழாம் மாடியில் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கீழே வந்து பார்த்தவர், "தம்பி, தண்ணி முதல்ல தீத்தொட்டிக்குள்ள விழணும். அது நிறைஞ்சு வழியறதுதான் வீட்டுக்கு" என்றார். எங்களுக்கு இரண்டு சம்புக்கும் தனித்தனிக் குழாய். லாரிக்காரர் வீட்டு சம்பை மட்டும் நிரப்பிவிட்டுப் போவார். ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டுக்கும் நடுச்சுவரின் மேல்பக்கம் துளை போட்டோம். வரும் தண்ணீர் எல்லாம் இப்போது தீத்தொட்டி வழியாகத்தான். வீட்டு மோட்டாருக்கு அது எட்டாது. வீட்டு சம்ப் வற்றினாலும் தீத்தொட்டி தளும்பி நிற்கும்; தேங்கிக் கிடந்த நாற்றமும் போயிற்று.

இன்னொன்றையும் அவர்தான் காட்டினார். எங்கள் பம்ப், தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறது. உறிஞ்சு குழாயின் அடியில், தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வில் குப்பை சிக்கினால் குழாய்த் தண்ணீர் இறங்கிவிடும். பிறகு மோட்டார் சுற்றும், தண்ணீர் ஏறாது. அதற்குத்தான், குழாயில் எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும்படி சுவரில் சின்ன பிரைமிங் தொட்டி. சனிக்கிழமைதோறும் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் பம்பை ஓட்டுகிறேன். கரண்ட் இல்லாதபோது கைகொடுக்கும் டீசல் இன்ஜின் பம்பின் பேட்டரியையும் பார்க்கிறேன். போன மாதம் அது இறங்கியிருந்தது, அன்றே மாற்றினோம்.