பச்சை கார்வெட்டும் மஞ்சள் பென்சில் கோடும்

விளம்பரத்தில் நாலே வரி. 1972 கார்வெட் கூபே (ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் கார், கூரை மடங்காத வகை), எல்கார்ட் பச்சை நிறம், நாலு கியர் மேனுவல், நல்ல நிலையில் பாதுகாக்கப்பட்டது. கூடவே மூன்று படங்கள். மூன்றிலும் காரின் பாதி கொட்டகை இருட்டுக்குள்ளேயே இருந்தது.

‘நல்ல நிலையில்’ என்பதை நான் லேசில் நம்புவதில்லை. பழைய கார்வெட் தேடி இரண்டு வருடம் அலைந்ததில் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று தெரிந்துகொண்டேன். விற்பதற்காகப் போன மாதம் பெயின்ட் அடித்தோம் என்பது ஒன்று. யாரும் கையே வைக்கவில்லை என்பது இன்னொன்று. எனக்கு வேண்டியது இரண்டாவது. அது பெரும்பாலும் இருட்டுக் கொட்டகையில்தான் கிடைக்கும்.

நான் இருப்பது மிசௌரி மாநிலம், செயின்ட் லூயிஸ் புறநகர். கார் இருந்தது மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம், இல்லினாய் மாநிலத்தில், ஒரு மணி நேர ஓட்டம். கார்வெட்டுக்கும் எங்கள் ஊருக்கும் உறவு உண்டு. 1953-இல் மிச்சிகனின் பிளின்ட் நகரில் முதல் 300 கார்களைச் செய்து முடித்ததும் ஷெவர்லே தயாரிப்பை இங்கே கொண்டுவந்துவிட்டது. நேச்சுரல் பிரிட்ஜ் அவென்யூவில் இருந்த ஆலையில் 1981 வரை கார்வெட் செய்தார்கள். அப்புறம்தான் கென்டக்கியின் போலிங் கிரீன். ஆக, 1972 கார்வெட் எதுவாக இருந்தாலும் அது எங்கள் ஊர்ப் பிள்ளைதான்.

"பார்த்துட்டு மட்டும் வாங்க" என்று சொல்லித்தான் மனைவி அனுப்பினாள். சரி என்றேன்.

1972 ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. முன்னாலும் பின்னாலும் குரோம் பம்பர் வந்த கடைசி வருடம் அது. அடுத்த வருடமே முன் மூக்கு பிளாஸ்டிக் ஆகிவிட்டது. பின் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டும் வசதியும் அந்த வருடத்தோடு முடிந்தது. அந்த வருடம் செய்த 27,004 கார்களில் 20,496 கூபே என்பதால் அபூர்வம் என்று சொல்ல முடியாது, விலையும் அதற்கேற்ப எட்டும் உயரத்தில் இருக்கிறது. சாதாரண 350 கன அங்குல இன்ஜினுக்கு 1971-இல் 270 குதிரைச் சக்தி, 1972-இல் 200 என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் முகம் சுளிப்பார்கள். இன்ஜின் கிட்டத்தட்ட அதேதான். முன்பு இன்ஜினைத் தனியாக மேடையில் வைத்து அளந்தார்கள். 1972-இல் ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் எல்லாம் மாட்டி அளந்த கணக்கைப் போட்டார்கள். இந்த முகச்சுளிப்பால் எனக்கு லாபம்தான்.

விற்பவருக்கு எண்பதை ஒட்டிய வயது. 1979-இல் வாங்கியவர், இரண்டாவது உரிமையாளர். முழங்கால் கிளட்ச் மிதிக்க விடவில்லை, ஆறு வருடமாக வண்டி நின்றுகொண்டிருக்கிறது என்றார். ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ரசீதுகள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் எத்தனை மைலில் ஆயில் மாற்றினார் என்று பென்சிலில் எழுதியிருந்தது. ஓடோமீட்டரில் 48,000 சொச்சம். அதில் ஐந்து இலக்கம்தான் என்பதால் 1,48,000 ஆகவும் இருக்கலாம். டப்பாதான் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் காந்தம் வைத்திருப்பார்கள். தகரத்துக்கு மேல் பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. கார்வெட்டில் அந்த வித்தை பலிக்காது. உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ், எங்கே வைத்தாலும் கீழே விழும். அதனால் சக்கர வளைவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஆலையில் அச்சில் அழுத்திச் செய்த பலகை இரண்டு பக்கமும் வழவழப்பாக இருக்கும். அடிபட்டுக் கையால் ஒட்டிய இடம் உள்பக்கம் சொரசொரக்கும். நாலு வளைவும் வழவழப்புதான்.

ஃபைபர் கிளாஸ் துருப்பிடிக்காது என்று ஏமாறுகிறவர்களும் இங்கே அதிகம். முன் கண்ணாடியைச் சுற்றியும் கதவுத் தூண்களிலும் உள்ளே ஓர் எஃகுக் கூடு இருக்கிறது, பேர்ட்கேஜ் என்பார்கள். குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு அதை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்தேன். கொஞ்சம் தூசி, ஒரு காய்ந்த குளவிக்கூடு, அவ்வளவுதான். பின் சக்கரத்துக்கு முன்னால் சேசிஸ் மேலே வளையும் இடத்தைச் சின்ன சுத்தியலால் தட்டினேன். கணீர் என்றது.

அப்புறம் எண்கள், இன்ஜின் இந்தக் காரோடு வந்ததுதானா என்று பார்க்க. கண்ணாடி ஓரத்தில் இருக்கும் தகட்டில் ஐந்தாவது எழுத்து ‘கே’, அதாவது சாதாரண 350. அடுத்த 2 என்பது 1972, அதையடுத்த ‘எஸ்’ செயின்ட் லூயிஸ். இன்ஜின் பிளாக்கில், பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு மேடை இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்ததும் பிளின்ட் இன்ஜின் ஆலையின் ‘வி’ தெரிந்தது. பக்கத்தில் காரின் அதே வரிசை எண். எழுத்துகளுக்கு அடியில் மயிரிழைக் கோடுகள், அந்தக் காலத்து மெஷின் விட்ட கீறல். யாராவது ராவி வேறு எண் அடித்திருந்தால் இந்தக் கோடுகள் இருக்காது. அவற்றைப் பார்த்ததும் ‘பார்த்துட்டு மட்டும்’ என்பது காற்றில் போய்விட்டது.

அவர் கேட்டது 27,000 டாலர். டயர்கள் கல்லாக இறுகியிருந்தன, பிரேக் மிதித்தால் தரை வரை போனது. இரண்டையும் சொல்லி 24,500-க்கு முடித்தேன். டிரெய்லரில் ஏற்றும்போது பெரியவர் வீட்டுக்குள் போய்விட்டார். நானும் கூப்பிடவில்லை.

முதல் வேலை பிரேக். 1965-இலிருந்து கார்வெட்டுக்கு நாலு சக்கரத்திலும் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் ஒவ்வொரு காலிப்பரிலும் நாலு பிஸ்டன். மொத்தம் பதினாறு, அத்தனையும் கசியத் தயார். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், வார்ப்பிரும்புக் குழியில் துரு புள்ளி புள்ளியாக அரிக்கும், ரப்பர் அந்தப் பள்ளத்தில் பிடி நழுவும். தினமும் ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டிக்குத்தான் இது சீக்கிரம் வரும். இடது பின்பக்கக் காலிப்பரைப் பிரித்தபோது ஒரு பிஸ்டன் வரவே இல்லை. கம்ப்ரெஸ்ஸர் காற்றில் பட்டென்று தெறித்துப் பலகையில் மோதியது, கூடவே காபி டிகாக்ஷன் நிறத்தில் ஆயில். புதுக் காலிப்பர் வாங்குவது சுலபம். ஆனால் பழைய வார்ப்பை விட மனசு வரவில்லை. நாலையும் அனுப்பித் துருப்பிடிக்காத எஃகுக் குழல் போட்டு வாங்கினேன், ஒரு மாதம் ஆனது.

பிரேக் குழாய்களிலிருந்து காற்று எடுக்கும் வேலைக்கு மனைவிதான் துணை. பின் காலிப்பர் ஒவ்வொன்றிலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு திருகு. முன்பக்கத்தோடு சேர்த்து ஆறு. நான் அடியில் படுத்துக்கொண்டு "மிதி, பிடி, விடாத" என்று கத்த, மூன்றாவது சுற்றில் மேலிருந்து குரல் வந்தது: "ஏங்க, இதுக்குப் பேர்தான் நல்ல நிலையில இருக்கற காரா?" பதில் சொல்லவில்லை. வாயில் பிரேக் ஆயில் வாடை.

அடுத்தது முகப்பு விளக்கு. இந்த வண்டியில் விளக்கு மேலே எழுவது மின் மோட்டாரால் இல்லை, இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால். சுவிட்சை இழுத்தால் வலது கண் திறந்தது, இடது கண் அரைத் தூக்கத்தில் நின்றது. வைப்பரை மூடியிருக்கும் கதவும் அதே வெற்றிடத்தில்தான் ஓடுகிறது (அதுவும் 1972-ஓடு ஒழிந்தது, நல்லவேளை). மீட்டர் கணக்கில் மெல்லிய ரப்பர் குழாய்கள். கை பம்ப்பை மாட்டி ஒவ்வொரு துண்டாக உறிஞ்சிப் பார்த்ததில், ரேடியேட்டர் பக்கம் ஒரு மூட்டில் நூலளவு வெடிப்பு. வெடித்த துண்டை மட்டும் மாற்றினேன். இப்போதும் இடது கண் ஒரு நொடி தாமதமாகத்தான் திறக்கிறது. இருக்கட்டும்.

பாயின்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டித்து விடும் தொடுமுனை) வேலை அரை மணி நேரம்தான். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போதே அதன் வழியாகச் சாவி விட்டுத் திருகி, ட்வெல் கோணத்தை, அதாவது பாயின்ட் மூடியிருக்கும் அளவை, 30 டிகிரியில் நிறுத்தலாம். ஊரில் அப்பாவின் அம்பாசடரில் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி அளந்து மாரடித்தவனுக்கு இது சொகுசு. ஆனால் அதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றியிருக்கும் குரோம் தகடுகளைக் கழற்ற வேண்டும். தகர உடம்பாக இருந்தால் ரேடியோவில் வரும் இரைச்சலை அதுவே தடுத்துவிடும், ஃபைபர் கிளாஸ் தடுக்காது, அதனால் இந்தக் கவசம்.

இதுவரை எல்லாம் சரி. தப்பு நடந்தது சுத்தம் செய்யப் போனபோது.

முதலில் பாலிஷ். கதவுக்குக் கீழே உள்ளங்கை அளவு இடத்தில் தேய்த்ததும் துணி பச்சையானது. பழைய லாக்கர் பெயின்ட், மேலே தெளிந்த பூச்சு எதுவும் கிடையாது, தேய்ப்பது நேராக நிறத்தையேதான். உடனே நிறுத்தினேன். மூக்கில் சிலந்தி வலை போல வெடிப்பு இருக்கிறது, அதையும் தொடுவதாக இல்லை.

அங்கே வந்த புத்தி இன்ஜின் அறையில் வரவில்லை. இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஐம்பது வருடத்து எண்ணெய் அழுக்கு. கிரீஸ் கரைக்கும் மருந்தைத் தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் வழித்தேன். வழித்த கை பாதியில் நின்றது. அழுக்குக்கு அடியில் மஞ்சள் மெழுகுப் பென்சிலில் ஒரு சாய்ந்த டிக் குறி, பக்கத்தில் ஓர் எண்ணின் பாதி. மீதிப் பாதி என் துணியில் மஞ்சள் தீற்றலாக இருந்தது.

ஆலையில் ஆள் பார்த்துச் சரி என்று போட்ட குறி. மேலே படிந்த அழுக்குதான் இத்தனை வருடம் அதைக் காப்பாற்றியிருக்கிறது. 1974-இல் தொடங்கிய தேசிய கார்வெட் மீட்டெடுப்போர் சங்கத்தின் போட்டிகளில் கார் ஆலையை விட்டு எப்படி வெளியே வந்ததோ அதை வைத்துத்தான் மதிப்பெண். அங்கே போய்வரும் நண்பரிடம் படத்தைக் காட்டினேன். பெரிதாக ஒன்றும் திட்டவில்லை. "முதலில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும், அப்புறம் படம், அப்புறம்தான் துணி" என்றார். சிலர் புதிதாகவே பென்சில் வாங்கி இந்தக் குறிகளைப் போட்டுக்கொள்கிறார்களாம். பாதி எண்ணை முழுதாக்க எனக்கும் ஒரு மஞ்சள் பென்சில் போதும். வாங்கவில்லை. என்ன எண் என்றே தெரியாமல் எதை எழுதுவது?

அன்றிலிருந்து வேலை மெதுவாகிவிட்டது. இப்போது நிற்பது பெட்ரோல் டேங்க்கில். கார்புரேட்டர் வாயில் இருக்கும் சின்ன ஃபில்டரைக் கழற்றினால் பழுப்புத் தூள் கொட்டுகிறது. ஆறு வருடப் பெட்ரோல் டேங்க் அடியில் பிசினாக உறைந்திருக்கும், இறக்கிக் கழுவினால்தான் தீரும். சிக்கல் என்னவென்றால், காருக்கு எந்தெந்த பாகம் போட வேண்டும் என்று ஆலையில் அடித்த தாளை அந்தக் காலத்தில் டேங்க்கின் மேல்பக்கத்தில்தான் ஒட்டினார்கள். போனில் மாட்டும் ஒயர் கேமராவை இடுக்கில் விட்டுப் பார்த்தேன். ஒரு காகித மூலை தெரிகிறது, டீ பட்டதுபோல் பழுப்பாக, டைப் அடித்த எழுத்துகள் கொஞ்சம். கூபே என்று படிக்க முடிகிறது. அதற்கு மேல் தாள் மடிந்து, மேலே இருக்கும் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. டேங்க்கை இறக்கினால் தாளில் பாதி அதோடு வரும், பாதி மேலேயே நிற்கும்.

டேங்க்கைத் தாங்கும் இரண்டு பட்டைகளின் நட்டுகளுக்கும் துரு கரைக்கும் எண்ணெய் விட்டு மூன்று வாரம் ஆகிறது. ஸ்பேனர் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது.