துட்டுக்கு வழி என்ன?

2024 அக்டோபரில் அப்பாவுக்கு இடது கண்ணில் புரை ஆபரேஷன். கூட இருக்க ஆள் வேண்டும் என்று சியாட்டில் பக்கத்திலிருந்து கிளம்பி மதுரைக்கு வந்தேன். சிம்மக்கல்லில் எங்கள் வீடு. கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு வலி பெரிதாக இல்லை. பேப்பர் படிக்க முடியவில்லையே என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் மில்லில் ஸ்பின்னிங்கில் நின்றவர், சங்கத்தில் பொருளாளராக இருந்தவர். காலையில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான் வாசித்துக் காட்டுவேன். முடித்ததும், "வேற என்னம்மா இருக்கு?" என்பார்.

வேறு என்ன இருந்தது என்றால், வாஷிங்டன் மாநிலத்தின் வாக்காளர் கையேடு இருந்தது. வெள்ளை மாளிகை இருக்கிற வாஷிங்டன் வேறு; இது மேற்குக் கடற்கரையில் இருக்கிற மாநிலம், தலைநகர் ஒலிம்பியா. ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் தபாலில் வந்ததை அப்படியே பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். வேட்பாளர் ஒவ்வொருவரும் தான் யார், என்ன செய்வேன் என்று எழுதிக் கொடுப்பதை மாநில அரசே அச்சடித்து வீட்டுக்கு வீடு அனுப்புகிறது. கையேடு என்று ஒன்று 1914இலிருந்தே வருகிறது. 2024 நவம்பர் 5ஆம் தேதிதான் அங்கே என் முதல் ஓட்டு.

2007இல் நானும் வீட்டுக்காரரும் அமெரிக்கா போனோம். அவர் வேலைக்கு விசா, நான் அவரைச் சார்ந்தவள் என்று ஒரு விசா. எனக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. அக்டோபர் வந்தால் இந்தக் கையேடு எங்கள் அபார்ட்மென்ட் தபால் பெட்டியிலும் கிடக்கும். பிரிக்காமலேயே பழைய பேப்பர் தொட்டியில் போட்டுவிடுவேன். ஓட்டில்லாத ஊரில் யார் ஜெயித்தால் எனக்கென்ன என்றுதான் இருந்தேன். மதுரைத் தேர்தல் செய்தி மட்டும் ராத்திரி கண்விழித்துப் பார்ப்பேன்.

2015இல் என்னைப் போன்ற மனைவிமாரில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கொடுத்தார்கள். அடுத்த வருடம் ஒரு அரசுப் பள்ளியில் சேர்ந்தேன். பாரா எஜுகேட்டர் என்று பேர், ஆசிரியருக்கு உதவியாள். சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருப்பது என் வேலை. ஒரு பையனுக்கு ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுக்க எனக்கு நாலு மாதம் ஆனது. கட்டிய அன்றைக்கு அவன் காலை நீட்டிக்கொண்டே வகுப்பு முழுக்கச் சுற்றி வந்தான்.

2022இல் எங்கள் நேரத்தைக் குறைத்தார்கள். வாரத்துக்கு 32 மணி நேரம் இருந்தது 26 ஆனது. பிள்ளைகள் எண்ணிக்கை குறையவில்லை, கூடத்தான் செய்திருந்தது. காரணம் கேட்டபோதுதான் தெரிந்தது, இப்படி ஒரு விதி இருக்கிறது என்று. மொத்த மாணவர்களில் 13.5 சதவீதம் வரைதான் சிறப்புக் கல்விக்கு மாநிலம் கூடுதல் பணம் தரும். அதற்கு மேல் எத்தனை பிள்ளைகள் வந்தாலும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டம், அதாவது அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, சொந்தப் பணத்தைத்தான் போட வேண்டும். அந்தப் பணம் லெவி என்கிற சொத்துவரி. அதற்கும் மக்கள் ஓட்டுப் போட வேண்டும். விதியை மாற்றக்கூடியவர்கள் ஒலிம்பியாவில் இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தொட்டியில் கிடந்த கையேட்டை வெளியே எடுத்தேன். ஓட்டு இல்லாவிட்டாலும் வாசித்தேன். ஒரு நாடு நம் ஊராக மாறுவது எப்போது என்று புலம்பெயர்ந்தவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். எனக்கு அது அந்தச் சாயங்காலம் நடந்தது. குடியுரிமை அதற்கு ஒன்றரை வருடம் கழித்து, 2024 மார்ச்சில்தான் வந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. என் பழைய வாக்காளர் அட்டை மட்டும் சிம்மக்கல் வீட்டு பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்து அழுதேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

சரி, அப்பாவுக்குக் கையேடு வாசித்த கதைக்கு வருகிறேன். அக்டோபர் 25ஆம் தேதி சாயங்காலம் மதுரையில் கொட்டித் தீர்த்தது. பந்தல்குடி கால்வாய் நிறைந்து செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். அக்கா செல்லூரில்தான் குடியிருக்கிறாள். இரண்டு பிள்ளைகளையும் புத்தகப் பைகளையும் தூக்கிக்கொண்டு நனைந்தபடி எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தாள். கரண்ட் இல்லை. சார்ஜ் விளக்கு வெளிச்சத்தில் அப்பா நாற்காலியில், அக்கா தரையில் காலை நீட்டிக்கொண்டு. "அந்த ஊர் புத்தகத்த வாசிம்மா" என்றார் அப்பா. வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

அங்கே கவர்னர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, மக்கள் ஓட்டில் வருகிறவர். போட்டியில் இருவர். பாப் ஃபெர்குசன், ஜனநாயகக் கட்சி, 2013இலிருந்து மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், அதாவது அரசின் தலைமை வழக்கறிஞர். டேவ் ரைகர்ட், குடியரசுக் கட்சி, சியாட்டில் இருக்கும் கிங் கவுன்ட்டி என்கிற மாவட்டத்தின் ஷெரீஃபாக, அதாவது போலீஸ் தலைவராக இருந்து பிறகு நாடாளுமன்றம் போனவர். ரைகர்ட் பக்கத்துப் பேச்சு வரியையும் கெடுபிடியையும் குறைத்தால் தொழில் வளரும், வேலை வரும் என்பது. ஃபெர்குசனுக்குத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஆதரவு. அவர் செய்ததில் ஒன்றைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பர்கர் கடை மாதிரி ஒரே பேரில் பல கிளைகள் நடத்தும் நிறுவனங்கள், ஒரு கிளையில் இருக்கும் ஆளை இன்னொரு கிளை அதிகச் சம்பளம் கொடுத்து எடுக்கக் கூடாது என்று தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டிருந்தன. 2018இலிருந்து 200க்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் பேசி அந்த ஒப்பந்தத்தை அவர் கைவிட வைத்தார்.

"வேற இடத்துக்குப் போயிருவேன்னு சொல்ற தைரியந்தாம்மா தொழிலாளிக்கு இருக்கிற ஒரே சொத்து" என்றார் அப்பா.

அக்கா பேசாமல் கணுக்காலை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். தீபாவளிக்கு ஆறு நாள்தான் இருந்தது. காலை ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி பத்தரை. கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் திருத்தினார்கள். அவள் கடையிலும் ஸ்டூல் வந்தது. சீசன் வந்ததும் அந்த ஸ்டூல்மேல் சேலைக் கட்டுகளை அடுக்கிவிட்டார்கள். அவள் கணுக்காலைச் சுற்றிச் செருப்பு வார் பதிந்த தடம், சுண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பாக இருந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

"அங்கிட்டு மணிக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். அந்த வருடம் குறைந்தபட்சக் கூலி 16 டாலர் 28 சென்ட், ஜனவரியில் 16.66 ஆகப்போகிறது என்றேன். விலைவாசி ஏற ஏறத் தானாகவே ஏறும். 2016இல் மக்களே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம் அது. 40 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேரம் உடம்பு சரியில்லாததற்கான சம்பள விடுப்பு என்பதும் அதிலேயே இருக்கிறது. டாலரை ரூபாயாக மாற்றி அவள் மலைக்க வேண்டாம் என்று வாடகையையும் சேர்த்துச் சொன்னேன். அவள் மலைத்தது விடுப்பைக் கேட்டுத்தான்.

அப்பா விடவில்லை. 2023 ஏப்ரலில் தினம் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியதையும், எதிர்ப்பு கிளம்பி மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்ததையும் நினைவுபடுத்தினார். "கத்துனாத்தான் கேக்குது" என்றார்.

அப்புறம் வரி. அங்கே மாநிலத்துக்கு அப்போது வருமான வரி கிடையாது. கடையில் வாங்கும் பொருளுக்கு எங்கள் பக்கம் பத்து சதவீதத்துக்கு மேல் விற்பனை வரி உண்டு. ஆக, இல்லாதவன் தன் வருமானத்தில் கட்டும் பங்கு, இருப்பவனைவிட அதிகம். 2021இல் ஒரு புது வரி கொண்டுவந்தார்கள். பங்கு, பத்திரம் விற்றுவரும் லாபம் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டியதற்கு 7 சதவீதம் என்று வைத்தார்கள். அந்தப் பணம் குழந்தைப் பராமரிப்புக்கும் பள்ளிகளுக்கும் போகும். 2024இல் அதை ரத்துசெய்யச் சொல்லி ஒரு தீர்மானம் மக்கள் ஓட்டுக்கு வந்தது, எண் 2109. கல்விக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் கிடைக்கும் நிதி இதனால் குறையும் என்று ஓட்டுச்சீட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். அப்படி அச்சடிக்கக் கூடாது என்று வழக்குப் போட்டும் நீதிமன்றம் ஏற்கவில்லை.

இந்த இடத்தில் அப்பா என்னை நிறுத்தி, திரும்ப வாசிக்கச் சொன்னார். "யாரு எதச் சொன்னாலும் துட்டுக்கு வழி என்னன்னு பக்கத்துலயே போட்டிருக்கானா?" சங்கக் கணக்கு எழுதிய கை. 2021 ஆகஸ்டில் நம் நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்று இருந்ததே, அந்தச் செய்தியை வெட்டி டைரியில் வைத்திருக்கிறார். மதுரை மத்திய தொகுதிக்காரர் சொன்ன கணக்கு என்பதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. தேர்தல் அறிக்கையில் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் பக்கத்தில் இப்படி ஒரு தொகை இருக்க வேண்டும் என்றார். திருமங்கலம் ஃபார்முலா என்று நம் மாவட்டத்துப் பேரை ஓட்டுக்குத் துட்டு கொடுப்பதற்கு வைத்துவிட்டார்களே என்ற வருத்தம் 2009இலிருந்து அவருக்குத் தீரவில்லை.

வாஷிங்டனிலும் துட்டுக்கு வழி காட்டாமல் நடந்திருக்கிறது. பள்ளிகளுக்குப் போதிய பணம் ஒதுக்காமல் அரசு தன் அரசியல் சட்டக் கடமையை மீறுகிறது என்று 2012இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் மெக்லியரி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அப்படியும் சரியாகவில்லை என்பதால் 2015 ஆகஸ்டில் தினம் ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. 2018இல்தான் வழக்கு முடிந்தது.

பள்ளிக் கல்வித் துறைத் தலைவரையும் அங்கே மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2017இலிருந்து பதவியில் இருந்த கிறிஸ் ரைக்டாலும், பெனின்சுலா பள்ளி மாவட்டக் குழு உறுப்பினர் டேவிட் ஓல்சனும் நின்றார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் இலவசச் சாப்பாடு வேண்டும் என்று ரைக்டால் சில வருடமாகக் கேட்டுவருகிறவர். அதைச் சொன்னதும் அக்கா தலைதூக்கினாள்.

"ஏன்டி, அந்த ஊர்லயா பிள்ளைக காசு குடுத்துச் சாப்புடுதுக?"

ஆமாம் என்றேன். ஏழைப் பிள்ளைகள் அதிகம் இருக்கும் பள்ளிகளில் எல்லோருக்கும் இலவசம் உண்டு. எங்கள் பள்ளி அந்தக் கணக்கில் வராது. பிள்ளை வரிசையில் நின்று தன் எண்ணைத் தட்டும், கணக்கில் பணம் கழியும். பணம் தீர்ந்தால் வீட்டுக்குக் கடிதம் போகும். அக்காவின் சின்னவள் படிப்பது மாநகராட்சிப் பள்ளியில். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், நெல்பேட்டை ஆதிமூலம் பள்ளியில்தான் 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். உப்புமா அன்றைக்கு மட்டும் தட்டில் மிச்சம் வைப்பாளாம், பொங்கல் என்றால் துடைத்துச் சாப்பிட்டுவிடுவாளாம். அவள் அப்போது அக்கா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். மதுரையிலிருந்து போன நான், சோறு போடுவது பள்ளிக்கூடத்தின் வேலைதான் என்று அங்கே ஒரு கூட்டத்தில்கூட எழுந்து சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் வாக்காளர் ஓட்டுச்சீட்டை இணையத்தில் எடுத்து, கையெழுத்துப் போட்டு மின்னஞ்சலில் அனுப்பலாம். மழை விட்ட மறுநாள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். கடைத் தம்பி, "அக்கா, இது பரீட்சைத் தாளா?" என்று கேட்டான். ஓட்டு என்றதும் விரலை மையில் வைப்பது போல் காட்டினான். மை கிடையாது, கையெழுத்துத்தான் என்றேன். வீட்டுக்கு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேனாவால் கட்டங்களை நிரப்பினேன். 2109க்கு வேண்டாம் என்று போட்டேன். மற்றவை எனக்கும் அந்தத் தாளுக்கும் உள்ளது.

ஃபெர்குசன் ஜெயித்தார், ரைக்டாலும். 2109 தோற்றது, ஏறத்தாழ 64 சதவீதம் பேர் வரி இருக்கட்டும் என்றார்கள். பதவியேற்றதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலையும் மதியமும் சாப்பாடு என்றார் புது கவர்னர். ஆனால் கஜானாவில் பெரிய ஓட்டை. 2025 மே மாதம் கையெழுத்தான இரண்டு வருட பட்ஜெட் ஏறத்தாழ 7,800 கோடி டாலர். புது வரிகளும் வந்தன, சாப்பாடு மட்டும் வரவில்லை. போனில் சொன்னபோது அப்பா, "அதத்தான அன்னைக்கே கேட்டேன்" என்றார். அதே கூட்டத்தொடரில் சிறப்புக் கல்விக்கான உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். 13.5 ஆக இருந்து 15, 16 என்று ஏறி இப்போது வரம்பே இல்லை.

செப்டம்பரில் பள்ளி திறந்தபோது என் நேரம் 30 மணி ஆனது. சந்தோஷமாகச் சொன்னேன். அப்பா சற்றுநேரம் பேசவில்லை, கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது.

"முப்பத்திரண்டுல இருந்துதான குறைச்சான்? இன்னும் ரெண்டு மணி நேரம் பாக்கி இருக்குல்ல. விட்றாதம்மா."