ஏட்டைத் திறக்கிறவரும் கடனைத் தள்ளுகிறவரும்

காரைக்குடியிலிருந்து புனித அருளானந்தர் திருத்தலமான ஓரியூருக்குப் போகிறவர்கள் பொதுவாகத் தேவகோட்டை, திருவாடானை என்று நேர்வழியில் போய்விடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் என்பதால் நாங்கள் முதலில் சருகணியில் இறங்கி, இயேசுவின் பாடுகளை நிலை நிலையாக நின்று தியானிக்கும் சிலுவைப்பாதை செய்வது, அப்புறம் ஓரியூர் என்று வைத்துக்கொண்டோம். வேன் நிறைய எங்கள் பங்கு மக்கள். எல்லோருக்கும் மூத்தவர் என் அத்தை.

மாமா தேவகோட்டையில் ஒரு செட்டியாரிடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். சிட்டையில் எழுதியது பேரேட்டில் ஏறியதா, ஐந்தொகை நேராகிறதா என்ற பேச்சைக் கேட்டே அத்தையின் பாதி வாழ்க்கை போயிற்று. அதனாலோ என்னவோ, அவருக்குக் கடவுளும் கணக்குப் பார்க்கிறவர்தான். விவிலியத்தில் அவருக்கு மனப்பாடமான இடம் தானியேல் 7-ஆம் அதிகாரம். உறைபனி போல வெண்மையான ஆடை, தூய பஞ்சு போன்ற தலைமுடி, தீப்பிழம்பாக அரியணை, அதன் முன்னிருந்து புறப்பட்டு ஓடும் நெருப்பாறு. நீதிமன்றம் கூடுகிறது, நூல்கள் திறக்கப்படுகின்றன. நெருப்பாறு கூட அத்தைக்குப் பெரிதில்லை. அந்த நூல்கள்தான் தூங்கவிடாது.

"ஏட்டையெல்லாம் தொறந்து வச்சிருப்பாக. ஒண்ணு விடாம வாசிப்பாக" என்றார்.

பின்சீட்டிலிருந்த பையன் ஒருவன், "அது பழைய ஏற்பாடு அப்பத்தா. இயேசு வந்தப்புறம் எல்லாம் மன்னிப்புதான்" என்றான்.

இந்தப் பேச்சைப் பிரசங்கங்களிலேயே கேட்டிருக்கிறேன். பழைய ஏற்பாட்டில் ஒரு கோபக்காரச் சாமி, புதிய ஏற்பாட்டில் ஒரு சாந்தமான சாமி என்று பங்கு பிரித்துவிட்டால் நமக்கு வேலை மிச்சம். ஆனால் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கும் ஓசேயாவைப் படித்தால் அந்தப் பாகப்பிரிவினை செல்லாது. 11-ஆம் அதிகாரத்தில் கடவுள் எப்ராயிமின், அதாவது தம் இஸ்ரயேல் மக்களின், கையைப் பிடித்து நடை பழக்குகிறார். உன்னை எப்படிக் கைவிடுவேன் என்று தவிக்கிறார். இரண்டு அதிகாரம் தள்ளி அவரே சிங்கமாகிறார், வழியோரத்தில் பதுங்கும் வேங்கையாகிறார், குட்டியைப் பறிகொடுத்த கரடியாகிறார். அடுத்த அதிகாரத்தில் பனித்துளி. அந்தக் கரடியைத்தான் நான் விடாமல் யோசிப்பேன். அதன் வெறி எங்கிருந்து வருகிறது? பிள்ளையை இழந்ததிலிருந்துதானே. நடை பழக்கிய அதே மனதின் ஆத்திரம் அது.

சருகணியில் அதிக நேரம் இல்லை. மருது சகோதரர்கள் இந்தக் கோயிலுக்குத் தேர் செய்து கொடுத்த கதையை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். பிரான்சிலிருந்து வந்து, இந்த மண்ணிலேயே உழைத்து, 1973-இல் சருகணியிலேயே கண்மூடிய லெவே அடிகளாரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றினோம். சிலுவைப்பாதையின் முதல் நிலையில் இயேசுவுக்குத் தீர்ப்பிடுகிறார்கள். கடைசி நாளில் தீர்ப்பிட வரப்போகிறவர் அங்கே குற்றவாளியாகக் கைகட்டி நிற்கிறார். பழகிப்போன நிலை என்பதால் வேகமாக முழங்காலிட்டு எழுந்துவிடுகிறோம்.

மறுபடி வேனில் ஏறியதும் அத்தை விட்ட இடத்திலிருந்து பிடித்தார். "இயேசுவும் கணக்குச் சொல்லியிருக்காருல்ல?" உண்மைதான், மத்தேயு 18. அரசன் கணக்குப் பார்க்க உட்காருகிறான். ஒரு பணியாளன் பத்தாயிரம் தாலந்து பாக்கி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக, 6 கோடி நாள் கூலி. எத்தனை தலைமுறை உழைத்தாலும் அடையாது. அது மொத்தமும் தள்ளுபடி. வெளியே வந்தவன், தன்னிடம் 100 தெனாரியம் வாங்கியவன் கழுத்தைப் பிடிக்கிறான். 100 நாள் கூலி, நம் ஊர் நூறு நாள் வேலைக் கணக்கு. அதுவும் நிஜமான கடன்தான். இயேசு அதைப் பொய் என்று சொல்லவில்லை, அற்பத் தொகை என்றும் சொல்லவில்லை. செய்தி அரசனுக்குப் போகிறது. தள்ளுபடி செய்த அதே அரசன்தான் அவனைச் சிறையில் வதைப்போரிடம் ஒப்படைக்கிறான். பின்சீட்டுப் பையன் அப்புறம் ஓரியூர் வரை வாய் திறக்கவில்லை.

ஓரியூரில் இறங்கியதும் முதலில் மூக்குக்கு எட்டுவது கறிக்குழம்பு வாசம். நேர்ச்சைக்காரர்கள் முடி இறக்கி, கிடா வெட்டி, மரத்தடியில் சமைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போடுவார்கள். தவக்காலத்தில் கறியா என்று கேட்டால் நேர்ச்சைக்கு ஏது தவக்காலம் என்பார்கள். சாமியார்களுக்கு இதில் சங்கடம் உண்டு, எனக்கு இல்லை.

லிஸ்பனில் 1647-இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, இங்கே அருளானந்தர். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, மறவர் சீமையில் போதித்தார். அந்தச் சீமையின் இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவர் முறையிட்டதில் வழக்கு முற்றியது. நம் பிரசங்கங்களில் அந்தப் பெண் வில்லியாகத்தான் வருவார். வாழ்ந்த வீட்டை விட்டு அனுப்பப்பட்டவரின் வயிற்றெரிச்சலிலும் ஒரு நியாயம் இருக்கத்தானே செய்யும்? சாவுக்கு முந்தைய நாள், கரியைத் தண்ணீரில் கரைத்து அருளானந்தர் சிறையிலிருந்து கடிதம் எழுதினார். 1693 பிப்ரவரி 4 அன்று இந்த ஓரியூரில்தான் அவர் தலை வெட்டப்பட்டது. திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1947-இல் புனிதர் பட்டம் அளித்தார்.

அவர் இரத்தம் பட்டுத்தான் இங்குள்ள மணல் சிவந்தது என்பது மக்களின் நம்பிக்கை. கொஞ்சம் அள்ளி முந்தானையில் முடிந்துகொள்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொடக்கநூல் 4-ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். உன் சகோதரனின் இரத்தம் மண்ணிலிருந்து என்னை நோக்கிக் கதறுகிறது என்று, தம்பி ஆபேலைக் கொன்ற காயினிடம் கடவுள் சொல்வார். மண்ணில் விழுந்த இரத்தம் வழக்குத் தொடுக்கும், நீதிபதி கேட்பார். எபிரேயர் திருமுகம் 12-ஆம் அதிகாரம், ஆபேலின் இரத்தத்தைவிடச் சிறப்பாகப் பேசும் இயேசுவின் இரத்தத்தைச் சொல்கிறது. ஓரியூரில் கொலைக்களத்தைச் சுற்றி முடி இறக்குகிறவர்களில் பெரும்பாலோர் அதே சீமைக்காரர்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் என்றில்லை. வெட்டிய மண்ணுக்கே பிள்ளை வரம் கேட்டு வருகிறார்கள். இங்கே இரத்தம் என்ன பேசியிருக்கும் என்று அவர்களைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அத்தையும் மணலை அள்ளினார். அவருக்கும் சித்தப்பாவுக்கும் வீட்டுப் பாகத்தில் வந்த தகராறு ஊருக்கே தெரியும். ஒரு துக்கத்துக்குப் போனால்கூட ஆளுக்கொரு பக்கம் உட்காருவார்கள். சித்தப்பா செய்தது தப்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"100 தெனாரியம்தானே அத்தை" என்றேன்.

"எழுதிவச்ச கடனைக் கேக்காமத் தள்ள முடியுமா? அவன் வந்து கேக்கட்டும்."

ஊதாரிப் பிள்ளையின் கதையைச் சொன்னேன். லூக்கா 15-இல் மகன் வழியெல்லாம் ஒரு மன்னிப்புப் பேச்சைத் தயார் செய்துகொண்டு வருகிறான். 'என்னைக் கூலியாளாக வச்சுக்கங்க' என்ற கடைசி வரியைச் சொல்வதற்குள் தகப்பன் குறுக்கிட்டு, நல்ல ஆடை கொண்டுவா, மோதிரம் போடு என்று ஆட்களை விரட்டத் தொடங்கிவிடுகிறார்.

அத்தை மணலை முந்தானையில் முடிந்தபடி, "கதை எனக்குந் தெரியும்டா. அந்தப் பய ஊரைப் பாத்து நடக்கவாவது செஞ்சான்ல?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னதிலும் விவிலியம் இருக்கிறது. திரும்பும்போது வேனைச் சித்தப்பா தெரு வழியாக விடச் சொன்னேன். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இறங்கவும் இல்லை.