கான்கிரீட்டுக்கு முன்

ஜூன் 3
மழை தொடங்கிவிட்டது. வீடு கட்ட வாங்கிய சிமெண்ட் மூட்டைகள் வெறுந்தரையில் கிடப்பது இரவு 11 மணிக்குத்தான் நினைவுக்கு வந்தது.

ஜூன் 4
பயந்தபடியே ஆனது. அடி வரிசையில் 6 மூட்டை இறுகிவிட்டது. ஒன்றைப் பிரித்தேன். ஓரமெல்லாம் கல், நடுவில் ஒரு கைப்பிடி மட்டும் மாவாக இருந்தது, கட்டிகளை விரலால் நசுக்கிப் பார்த்தால் ஒன்றுகூட உடையவில்லை. 300 கிலோ. அவர் குவைத்தில் ஓவர்டைம் பார்த்து அனுப்பிய காசு. "மழைன்னா அப்படித்தான் அக்கா" என்கிறார் மேசிரி. பலகை போட்டு, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்கி, தார்ப்பாய் மூடியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பலகை முற்றத்திலேயே கிடந்தது.

ஜூன் 5
அம்மை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு.

ஜூன் 8
கம்பி, கம்பி, வேறு நினைப்பே இல்லை. ஹாலுக்குப் பதிமூன்றரை அடியில் 40 துண்டு வேண்டும். ஒரு கம்பி 12 மீட்டர், அதாவது 39 அடி 4 அங்குலம், அதில் இரண்டு வெட்டினால் 12 அடிக்குக் கொஞ்சம் கூடவே மிஞ்சும். வெட்டுகிற தம்பி அந்த மிச்சத்தை தென்னைமூட்டில் வீசிவிட்டு, அடுக்களைக்கு 12 அடித் துண்டு வெட்ட புதுக் கம்பியை இழுக்கிறான்! ஓடிப்போய் நிறுத்தினேன். அடுக்களைக்கு 20 துண்டு வேண்டும், வீசிக் கிடந்ததும் இனி விழப்போவதும் சரியாக 20. புதுக் கம்பி ஒன்றில் மூன்று துண்டுதான் வரும், ஆக ஏழு புதுக் கம்பி மிச்சம். 10 எம்எம் கம்பி ஒன்று 7.4 கிலோ, அப்படியானால் 52 கிலோவுக்குக் கிட்டே. வெட்டும் முன் எல்லா அறைக்கும் சேர்த்து ஒரு தாளில் எழுதியிருந்தால் போதும். இனி நானே எழுதுவேன், இரவு எத்தனை மணியானாலும் சரி.

ஜூன் 9
எழுதினேன். கண் எரிகிறது.

ஜூன் 11
உடைந்த செங்கலைக் குளத்தில் தட்டிவிடவா என்று டிப்பர்காரர் கேட்டார். அம்மை நீந்தக் கற்ற குளம். கழிவைப் பிரித்து வைப்பது கட்டுகிறவர் பொறுப்பு என்று 2016-லேயே விதி வந்துவிட்டது, அது இல்லாவிட்டாலும் விட்டிருக்க மாட்டேன். திண்ணைக்கு அடியில் நிரப்பச் சொல்லிவிட்டேன், மண்ணும் ஒரு லோடு குறையும்.

ஜூன் 12
மதில் வேலை. குழைத்த சாந்தை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் சாயாவுக்குப் போய்விட்டார்கள், அரை மணி நேரம் கழித்து வந்து தண்ணீர் தெளித்துக் கிளறுகிறார்கள். சண்டை போட்டேன். அப்புறம் மதிலடியில் சாக்கு விரித்தேன், கரண்டியிலிருந்து விழுகிற சாந்து மண்ணில் கலக்காமல் உடனே சட்டிக்குத் திரும்பியது. மேசிரி ஒன்றும் பேசவில்லை, மாலையில் சாக்கை அவரே கழுவிக் காயப்போட்டிருந்தார்.

அம்மைக்கு இன்றும் தூக்கமில்லை.

ஜூன் 14
நாளை கான்கிரீட். அம்மைக்கு ஸ்கேனும் நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குப் போன் போகவில்லை. மிச்சக் கம்பியில் 12 அடி போக விழுந்த 4 அங்குலத் துண்டுகளைப் பொறுக்கி எண்ணினேன், 20. மேற்கே கறுத்து வருகிறது.