தண்ணீருக்கு எத்தனை நிமிடம்?

பதினொரு மாதம் வீடு தேடி அலைந்து, கடைசியில் சிங்கப்பூரின் ஈசூனில் ஒன்பதாம் மாடியில் ஒரு நாலறை மறுவிற்பனை வீட்டை வாங்கியிருக்கிறோம். ஏரிக்கரையில்தான் குடியேறுவேன் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததால், பால் காய்ச்சும் நாளில் வந்த உறவினர்கள் அனைவரும் முதல் வேலையாகச் சன்னலருகே சென்று எட்டிப் பார்த்தார்கள். எதிர்ப் புளோக்கின் மூங்கில் கழிகளில் காய்ந்துகொண்டிருந்த துணிகள்தாம் தெரிந்தன. தண்ணீர் தெரியவில்லை என்பதை அறிந்தேதான் வாங்கினேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

தூண்டில், பாய்மரப் படகு, பறவை வேட்டை என்ற மூன்று ஆசைகளும் எனக்குத் தாத்தாவிடமிருந்து வந்தவை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த அவர், விடுமுறை நாள்களில் சிலேத்தார் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டதையும், புதரோரம் கண்ணி வைத்துக் கானாங்கோழி பிடித்ததையும் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று அது கடல்நீர் ஏறி இறங்கும் உப்பாறு. 1986ஆம் ஆண்டில்தான் அணை எழுப்பி அதை லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கமாக்கினார்கள். கண்ணி வைக்கும் ஆசைக்கு இன்று இங்கே இடமில்லை. 1965ஆம் ஆண்டின் வனவிலங்கு, பறவைச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டு வனவிலங்குச் சட்டமாகப் பெயர் மாறியபோது, காட்டுப் பறவைக்கு அனுமதியின்றித் தீனி போடுவதுகூடக் குற்றமாகிவிட்டது. எனவே என் வேட்டை கேமராவோடு நின்றுவிட்டது. அதற்கு வீட்டின் இருப்பிடம் பெரிய பொருட்டல்ல, ஒரு நல்ல சாக்கடைக் கால்வாய் இருந்தாலே நாரையும் மீன்கொத்தியும் வந்துவிடும்.

முதலில் பிடோக்கில் தேடினோம். பழைய மணற்குழியில் உருவான அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றி 4.3 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. துடுப்புப் படகு ஓட்டலாம், இரயில் நிலையமும் தொலைவில் இல்லை. வீடு காட்ட வந்த முகவர், “சன்னலிலிருந்தே தூண்டில் போடலாம், அண்ணே” என்றார். காட்சி உண்மையிலேயே அழகுதான், அந்த அழகுக்கு ஒரு விலையும் வைத்திருந்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மின்தூக்கியிலிருந்து நடந்தேன். ஆறு நிமிடத்தில் தண்ணீர் வந்தது. ஆனால் அங்கே தூண்டிலுக்குக் குறுக்குக்கோடு போட்ட பலகை நின்றது. நம் நீர்த்தேக்கங்களில், அவற்றைப் பராமரிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துக் கொடுத்த கரைப்பகுதியில் மட்டுமே மீன்பிடிக்கலாம், மீறினால் 3,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. அனுமதியுள்ள கரையை நான் அடைந்தபோது பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது. முகவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் தூண்டிலே பிடித்ததில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கு மேல், ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை வீடு வரை வைத்திருக்கலாம் என்று அரசு வைத்த வரம்பான இன விகிதமும் அங்கே இந்தியர்களுக்கு நிரம்பிவிட்டிருந்ததால், இந்தியர் ஒருவர் விற்றால்தான் நாங்கள் வாங்க முடியும் என்ற நிலை. 1989ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் உள்ள இந்த விதியின் நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் விருப்பப் பட்டியலில் இருந்த வீட்டை அது ஒரே நொடியில் அழித்துவிடுவதைப் பார்க்கச் சற்று வயிறெரியத்தான் செய்கிறது.

அன்றிலிருந்து நான் காட்சியைக் கேட்பதை விட்டுவிட்டு, காலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டியதிலிருந்து தூண்டிலின் முதல் வீச்சு வரை எத்தனை நிமிடம் என்பதையே கேட்கத் தொடங்கினேன். காத்திப் இரயில் நிலையத்துக்கும் லோவர் சிலேத்தாருக்கும் இடைப்பட்ட இந்த வீட்டிலிருந்து சைக்கிளில் எட்டு நிமிடம். ஏழடித் தூண்டில் கோல்கள் இரண்டு துண்டாகக் கழன்று பாம்ஷெல்டரில், அதாவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கின்றன. புழு, இறால், ரொட்டி எதையும் கொண்டுபோகத் தேவையில்லை, கொண்டுபோகவும் கூடாது. குடிநீர்த் தேக்கம் என்பதால் செயற்கை இரைக்கு மட்டுமே அனுமதி.

சென்ற வாரம் படித்துறையருகே நீர்ப்பரப்பு கொதிப்பதுபோல் நடுங்கியது. உற்றுப் பார்த்தால் விரலளவுகூட இல்லாத செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே உருண்டையாகத் திரண்டு, மூச்சுக்காக மேலே வந்து மேலே வந்து மறைந்தன. தோமான் குஞ்சுகள் அவை. நம் விராலின் பெரிய உறவான அந்த மீன், குஞ்சுகளுக்கு அடியிலேயே காவல் நிற்கும். அவற்றின் நடுவே தவளைப் பொம்மையை எறிந்தால் பசியில்லாவிட்டாலும் கோபத்தில் வந்து கவ்வும். அப்படிப் பிடித்துப் படம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாயையும் தந்தையையும் அரைமணி நேரம் அகற்றினால் மற்ற மீன்கள் அந்த உருண்டையை எளிதில் தின்று தீர்த்துவிடும் என்பதால், எனக்கு அது வீரமாகப் படவில்லை. நான் தள்ளிப்போய்ப் பீகாக் பாஸுக்கு வீசினேன். தென்னமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பெருகிவிட்ட மீன் அது. ஒன்றும் கவ்வவில்லை. மேற்கே வானம் கறுத்ததும் கோலை மடக்கிக்கொண்டு கிளம்பினேன், ஏனென்றால் விடியற்காலைச் சுமத்ரா புயற்காற்று மின்னலோடு வரும்போது கையில் கார்பன் கோலைப் பிடித்துக்கொண்டு திறந்த வெளியில் நிற்பது இடிதாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குச் சமம்.

பாய்மரத்தைப் பொறுத்தவரை, நீர்த்தேக்கத்தில் பழகுவதைவிடக் கடலில் பழகுவதே நல்லது என்பது என் கருத்து. மரங்களும் அடுக்குமாடிகளும் காற்றை வெட்டி வெட்டி அனுப்புவதால், புதிதாகப் பழகுகிறவர் பாயைத் திருப்பித் திருப்பியே களைத்துப்போவார். செம்பவாங் கடற்கரையில் வடகிழக்குப் பருவக்காற்று டிசம்பரிலிருந்து ஓரளவு சீராக வீசும். ஈசூனிலிருந்து அது பக்கம்தான். படகை வாங்கி வைக்க வீட்டில் இடமில்லாத கவலையும் வாடகைப் படகில் தீர்ந்துவிடுகிறது. மகள் ஒற்றைப் பாய் கொண்ட, 2.3 மீட்டர் நீள ஆப்டிமிஸ்ட் படகில் பழகிக்கொண்டிருக்கிறாள். இதுவரை நான்கு முறை கவிழ்ந்திருக்கிறாள், மூன்று முறை தானே நிமிர்த்தியிருக்கிறாள்.

அவளுடைய உயிர்காப்பு அங்கியை மூங்கில் கழியில் மாட்டிவிட்டோம். அது நாள் முழுக்க உப்புநீராகச் சொட்டி, எட்டாம் மாடி ஆன்ட்டியின் வெள்ளைப் படுக்கை விரிப்பை நனைத்திருக்கிறது. மாலையில் கதவைத் தட்டினார். மனைவி மன்னிப்புக் கேட்டு, பொங்கல் பண்டிகைக்கு வைத்திருந்த முறுக்கில் பாதியைக் கொடுத்தனுப்பினாள். அங்கி இப்போது குளியலறையில் தொங்குகிறது.