நாலாம் நம்பர்: மார்ச் குறிப்புகள்

மார்ச் 10, திங்கள்

எங்கள் பிசிக்ஸ் லேப்பில், ஒளியைப் பிரித்து அளக்கிற நாலாம் நம்பர் ஸ்பெக்ட்ரோமீட்டரில் குறி பார்க்கிற குறுக்கு இழை அறுந்துவிட்டது. கண்ணை வைத்தால் வெறும் வெள்ளை வட்டம். எவனோ ஐபீஸை, கண் வைக்கிற லென்ஸ் குழலை, கழற்றிக் கைக்குட்டையால் துடைத்திருக்கிறான். கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில், "நான் இல்லண்ணா". பரீட்சை நடத்த வெளியிலிருந்து எக்ஸ்டர்னல் வர இன்னும் பதினாறு நாள்.

எங்கள் பிளாக்கை இடிக்கப்போகிறார்கள். அதற்காக வீட்டுக் கதவில் எழுதிவிட்டுப் போன நம்பரை அப்பா ஈரத்துணியால் துடைத்துவிட்டார். இவரும் "நான் இல்லை" என்கிறார்.

மார்ச் 11

புது ஐபீஸ் கேட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். போன வருஷம் கேட்ட ரியோஸ்டாட்டே இன்னும் வரவில்லை.

மார்ச் 12

நாள் முழுக்க உப்புத்தாள். கனெக்டிங் ஒயர் நுனிகளைத் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே போய்விட்டது. காசிமேட்டுக் கடல் பக்கமிருந்து அடிக்கிற காற்றில் பித்தளை எதுவும் தப்பாது. ஒரு மழைக்காலம் போதும், ஒயர் மாட்டுகிற டெர்மினல் எல்லாம் பச்சை பூத்துவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும், திருகைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பாசி மாதிரி. மின்னழுத்தம் அளக்கிற பொட்டன்ஷியோமீட்டரில் அப்படி ஒரு டெர்மினல் இருந்தால் முடிந்தது கதை. பத்து மீட்டர் கம்பியில் எங்கே தொட்டாலும் மின்னோட்டம் காட்டுகிற கால்வனோமீட்டர் முள் ஒரே பக்கம் போகும். பையன் சர்க்யூட்டைப் பிரித்துப் பிரித்துப் போடுவான், வேர்த்துக் கொட்டும். தப்பு அவனுடையது இல்லை, என்னுடையது. அது அவனுக்குத் தெரியாது, எக்ஸ்டர்னலுக்கும் தெரியாது. அதனால்தான் பரீட்சைக்கு முன்னால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மார்ச் 13

கொடுங்கையூரில் ஒரு வீடு பார்த்தோம். முதல் மாடி. வாடகை ஒன்பதரை, அட்வான்ஸ் ஒரு லட்சம், மோட்டார் கரண்ட் தனி. மனைவிக்குச் சமையலறை பிடித்துவிட்டது. சின்னவளுக்கு ஜன்னல். அப்பா ஒன்றுதான் கேட்டார்: "கப்பல் சங்கு கேக்குமா அங்க?"

கேட்காது. நான் பதில் சொல்லவில்லை.

மார்ச் 14

திரும்பி வரும்போது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் இருபத்தைந்து நிமிஷம். கூட்ஸ் வண்டி. பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றேன், பாதியில் விட்டுப்போனது. லேப்பிலும் இந்த வண்டிதான் தொல்லை. லென்ஸுக்கு அடியில் ஒளியில் தெரிகிற நியூட்டன் வளையங்களை எண்ணுகிற நேரத்தில் ஒன்று போனால் வளையமெல்லாம் நடுங்கும், பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

மார்ச் 17

திருவொற்றியூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன். எனக்கு முன்னாலிருந்தே இந்த லேப்பைப் பார்த்தவர். ரிட்டையர் ஆகி ஒன்பது வருஷம். குறுக்கு இழை என்றதும் சிரித்தார். "எட்டுக்கால் பூச்சி புடி" என்றார். அந்தக் காலத்தில் எல்லாக் கருவியிலும் அதுதானாம். "வலையைத் தொடாத, அதுல பசை இருக்கும், தூசி இருக்கும். பூச்சியை ஒரு குச்சியில ஏத்திக் கீழ விழ வுடு. விழும்போது ஒத்தை இழை வுடும் பாரு, அதான் வேணும். அதைக் கம்பிக் கவையில சுத்திக்கோ."

ஸ்டோர் ரூமில் இரண்டு பிடித்தேன். ஒன்று இழையே விடாமல் தொப்பென்று விழுந்து ஓடிவிட்டது.

மார்ச் 18

அறுந்தது.

மார்ச் 19

மறுபடி. கை நடுங்குகிறது. டீயைக் குறைக்க வேண்டும்.

மார்ச் 20

ரெக்கார்டு நோட்டு அடுக்கும்போது சிம்பிள் பெண்டுலம் பக்கங்களைப் புரட்டினேன். பத்தில் எட்டு பேருக்கு g, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், சென்டிமீட்டர் கணக்கில் 980. ஒருவனுக்கு 981. அது எப்படியப்பா சென்னையில் வரும்? பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில் 978.3தான். 1821-லேயே கோல்டிங்ஹாம் என்ற வெள்ளைக்காரர் மெட்ராஸ் வானாய்வகத்தில் ஊசல் ஆடவிட்டு, ஒரு வீச்சுக்கு ஒரு நொடி எடுக்கிற நொடி ஊசலின் நீளம் 39 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் என்று அளந்திருக்கிறார். கணக்குப் போட்டால் அதிலும் 978தான் வருகிறது. இவர்கள் விடையை எழுதிக்கொண்டு, அதற்கு ஏற்ற நேரத்தைப் பின்னால் எழுதுகிறார்கள்.

பத்தாவது நோட்டில் 1084. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். அழுகிற மாதிரி வந்து நின்றாள். ஊசலை ஆட்டி எண்ணச் சொன்னேன். ஸ்டாப்வாட்சை அழுத்தும்போதே "ஒன்று" என்று ஆரம்பித்தாள். அங்கேதான் கோளாறு. இருபது என்று அவள் நிறுத்தும்போது பத்தொன்பது அலைவுதான் ஆகியிருக்கும். பூஜ்யத்திலிருந்து எண்ணும்மா என்றேன். இரண்டாம் தடவை 976 வந்தது. அதை 980 ஆக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்றேன். இந்த வகுப்பில் நிஜமாக எண்ணியது அவள் ஒருத்திதான் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

மார்ச் 21

அப்பா சாப்பிடவில்லை. "நீங்க போய் இருந்துக்கோங்க. நான் இன்னாத்துக்கு வரணும்?"

மார்ச் 22, சனி

இழை நின்றுவிட்டது! இரண்டும். வளையத்தில் பழைய கீறல் இருக்கிறது, அதன் மேல் படுக்க வைத்து, நான்கு நுனியிலும் சின்னவளின் நெயில் பாலிஷ் ஒவ்வொரு சொட்டு. ஐபீஸுக்கு வெளியே பார்த்தால் அங்கே இழை இருப்பதே தெரியாது. உள்ளே பார்த்தால் கரி கோடு இழுத்த மாதிரி கூட்டல் குறி. மற்ற ஐந்து கருவியில் இருப்பதைவிட மெல்லிசு. அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

இழை சரியானதும் கருவியின் தொலைநோக்கியை ஃபோகஸ் பண்ண வேண்டுமே. மேற்கு ஜன்னலுக்குத் தூக்கிப் போனேன். பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு நான் சொல்கிற ஒரே பாடம் இதுதான்: "தூரத்துல அந்தத் தண்ணித் தொட்டியைப் பாரு. தலைகீழாத்தான் தெரியும், பயப்படாத. விளிம்பு கூர்மையா வர்ற வரைக்கும் திருகு." அது எங்கள் பிளாக்கின் மொட்டைமாடித் தொட்டி என்று யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது. இன்றைக்கும் பார்த்தேன். ஆகாயத்திலிருந்து தொங்குகிறது, பக்கத்தில் யாரோ காயப்போட்ட போர்வை மேல்நோக்கி ஆடுகிறது. குறுக்கு இழை சரியாகத் தொட்டியின் விரிசல் மேல் உட்கார்ந்தது.

அடுத்த வருஷம் எதைப் பார்க்கச் சொல்வது? செல்போன் டவர் ஒன்று இருக்கிறது. ஆனால் மிகவும் கிட்டே.

மார்ச் 24

அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. டெம்போ சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு.

மார்ச் 25

கெமிஸ்ட்ரி லேப் பாய் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். தூக்குவாளியோடு வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்பா முழுசாகக் குடித்தார். அப்புறம் அவராகவே தன் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தார். துறைமுக பாஸ், ஒரு கொக்கி, அம்மாவின் கண்ணாடி. மூடிவிட்டார்.

மார்ச் 26

பரீட்சை. எட்டு மணிக்கெல்லாம் சோடியம் லேம்ப்களைப் போட்டுவிட்டேன். முதலில் சிவப்பாக எரியும், உள்ளே இருக்கிற நியான். மஞ்சளாக மாறப் பத்து நிமிஷமாவது ஆகும். அவசரப்பட்டு அணைத்தால் சில சமயம் சூடு ஆறும்வரை மறுபடி பிடிக்காது. ஒன்பதரைக்கு ஒரு பையன் அதைத்தான் செய்தான். இரண்டாம் நம்பர் போச்சு. ஸ்பேர் லேம்ப்பை மாட்டினேன். எக்ஸ்டர்னல் பார்க்கவில்லை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நம்பர் யாருக்கு விழுந்தது என்று கவனிக்கக்கூட நேரமில்லை.

மார்ச் 27

இரண்டாம் பேட்ச்சும் முடிந்தது. எக்ஸ்டர்னல் நாலாம் நம்பரில் கண்ணை வைத்து, "இது நல்லா மெயின்டெய்ன் பண்ணிருக்கீங்க" என்றார். நெயில் பாலிஷ் என்று சொல்லியிருக்கலாம்.

மார்ச் 29, சனி

ஐந்தே முக்கால். டெம்போ வந்துவிட்டது, பத்து நிமிஷம் முன்னாலேயே. கட்டில் இறங்கிவிட்டது, பீரோ படிக்கட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்பாவைக் காணோம். செருப்பு இங்கேதான் கிடக்கிறது. மொட்டைமாடிக்குப் போயிருப்பார். பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.