சாக் ஹில்ஸில் சாக் கிடையாது

சேலம் கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக் கரடுகளுக்கு ஆங்கிலேயர் காலத்துப் பெயர் சாக் ஹில்ஸ். சாக் என்பது கால்சியம் கார்பனேட். அங்கே வெட்டுவதோ மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். ஊரில் வெள்ளைக்கல் என்பார்கள்; மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையமே உண்டு. சுண்ணாம்புக்கல் சங்ககிரிப் பக்கம் கிடைக்கும். இரண்டிலும் கொஞ்சம் இருந்தால் பதினொன்றாம் வகுப்புக்கு மோல் கணக்கையும் வினைவேகத்தையும் சேர்த்தே நடத்தலாம். அடுத்தடுத்து இரண்டு பீரியட் வேண்டும்.

முதலில் இரண்டு கற்களிலும் 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். (அடர் அமிலம் சுமார் 170 மி.லி.யைத் தண்ணீரில் ஊற்றி ஒரு லிட்டராக்கினால் போதும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது.) சுண்ணாம்புக்கல் பொங்கும்; வெள்ளைக்கல் சும்மா கிடக்கும். "இது கார்பனேட் இல்லை" என்று பிள்ளைகள் எழுதுவார்கள். எழுதட்டும், உடனே திருத்தாதீர்கள். பிறகு கல்லைத் துணியில் சுற்றி உடைத்து, நைசாக இடித்து, 60 டிகிரிச் சூட்டு அமிலத்தில் போட்டுக் காட்டுங்கள். அதே கல் நுரைக்கும். மெக்னீசியம் அயனி சிறியது, நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொள்வது. அதனால் படிகத்தை விட்டுக் கரைசலுக்குள் இறங்கத் தாமதம்.

அடுத்தது எடை. 250 மி.லி. கூம்புக் குடுவையில் 50 மி.லி. அமிலம், தாளில் 2 கிராம் தூள், வாயடைக்கப் பஞ்சு: மூன்றையும் சேர்த்து 0.01 கிராம் வரை காட்டும் தராசில் எடை போடுங்கள். கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறி எடை எவ்வளவு குறையும் என்று முன்பே கணக்குப் போட வையுங்கள். வெள்ளைக்கல்லுக்கு 1.04 கிராம், சுண்ணாம்புக்கல்லுக்கு 0.88. தூளைக் கொட்டி, பஞ்சை வைத்து, காலித் தாளை எடுத்து வையுங்கள். கடைசி எடையில் அதுவும் சேர வேண்டும். வெந்நீரில் இறக்கிக் குமிழி அடங்கும்வரை விடுங்கள். வெள்ளைக்கல்லுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். ஆறவிட்டு, வெளிப்புறத்தைத் துடைத்து மறுபடி எடை போடுங்கள்.

விடை பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். குடுவைக்குள் தங்கிய கார்பன் டை ஆக்ஸைடு காற்றைவிடக் கனமானது. அதனால் மட்டும் 0.12 கிராம் வரை பிசகும். சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றை விட்டு வெளியேற்றுங்கள். அடியில் கரையாமல் தங்குவது பெரும்பாலும் சிலிக்கா. வடிகட்டி உலர்த்தி எடை போட்டு, 2 கிராமிலிருந்து கழித்துக் கணக்கிடலாம். விடை கூடுதலாக வந்தால் அமிலம் ஆவியாகியிருக்கும். வெறும் அமிலக் குடுவை ஒன்றையும் அதே வெந்நீரில் வைத்தால் அந்த இழப்பு தெரிந்துவிடும். இதை விட்டுவிட்டால் சோதனைக்கே அர்த்தமில்லை.

நேரமிருந்தால் இரண்டு தூளையும் சோதனைக் குழாய்களில் சூடுபடுத்தி வாயுவைச் சுண்ணாம்பு நீருக்குள் விடுங்கள். சுடரை அணைக்கும் முன் வாயுக் குழாயை நீரிலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லையேல் நீர் உறிஞ்சப்பட்டுச் சூட்டுக் குழாய் வெடிக்கும். இங்கே கதை தலைகீழ்: வெள்ளைக்கல்தான் முதலில் சிதையும், சுண்ணாம்புக்கல்லுக்குச் சுமார் 900 டிகிரி வேண்டும். அமிலத்தில் சோம்பிய கல் நெருப்பில் முந்துவது ஏன் என்று கேளுங்கள். அதே சிறிய அயனிதான் கார்பனேட்டின் எலக்ட்ரான் முகிலைத் தன் பக்கம் இழுத்து உருக்குலைக்கிறது.